ஒன்பதாவது பயம்

கோயம்புத்தூர்
11.02.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கற்பகவல்லி எழுதுவது. எனக்குக் குறையொன்றும் இல்லை. உங்களுக்கும் மதினிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? இடது காது போனது போகட்டும், வலது காதையாவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொன்னாரே டாக்டர், போனீர்களா?

ஒன்று சொன்னால் சிரிக்கக் கூடாது. உங்கள் கடிதம் வந்தால் முதலில் காகிதத்தைத் தடவிப் பார்க்கிறேன். நீங்கள் பட்டாசு ஆபீசில் மருந்து கலந்த காலத்தில், கடிதத்தைப் பிரித்ததும் என் விரலிலும் அலுமினியப் பொடி வெள்ளியாக ஒட்டும். கலவை அறை வெடித்து உங்கள் காது போய், வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடமாகக் காகிதம் சுத்தமாக வருகிறது. உள்ளே எழுதியிருக்கும் நலமெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

ஓர் உதவி வேண்டும். என்னிடம் இயற்பியல் படித்த ஹர்ஷினி சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். நம் ஊருக்கு வடக்கே இருநூறு ஏக்கர் வாங்கியிருப்பதும் அதே கம்பெனிதான். பேனலைப் பற்றி ஊர்களில் இருக்கும் வீண் பயங்களுக்குப் பதில் சொல்லி ஒரு சிறு புத்தகம் எழுதித் தரக் கேட்டாள். ஒப்புக்கொண்டேன். இருபத்து நான்கு வருடமாக வகுப்புக்குள் சொன்னதை வெளியிலும் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாமே. நம் ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள். எவ்வளவு அபத்தமாக இருந்தாலும் விடாமல் எழுதுங்கள்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை,
கற்பகவல்லி


மேலக்கரிசல்
25.02.2024

அன்புத் தங்கை கற்பகத்துக்கு,

அண்ணன் பெத்தணன். இங்கே இருவரும் சுகம். உன் மதினி தங்கத்தாய் விளக்கேற்றும்போது உன் பெயரையும் சேர்த்துக்கொள்கிறாள். காதைக் காட்டினேன். இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். போன்தான் ஆகாது. யார் பேசினாலும் ஆனைக்குட்டம் அணையில் ஷட்டரைத் திறந்த மாதிரி இரைச்சல். அதனால்தான் இந்தக் காலத்திலும் உனக்குத் தபால்காரர் வருகிறார்.

நீ கேட்டதற்காக டீக்கடையில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். எனக்குக் கேட்காது என்று எல்லோரும் கத்திப் பேசுவதால் ஒன்றும் தப்பவில்லை. ஆடு மேய்க்கிற சங்கிலிமுத்து அண்ணாச்சிதான் தலைவர். "வெயில் பூராத்தையும் அவன் உறிஞ்சிட்டா நமக்கு மிச்சம் புண்ணாக்கு வெயிலுதாம்லே. அதுல சத்து இருக்காது" என்கிறார். பட்டாசு ஆபீஸ்காரர்களுக்கும் அந்தப் பயம் உண்டு. மருந்தை வெயிலில் பரப்பினால் காயாமல் போகுமாம். கோழி அவிச்ச முட்டைதான் போடும் என்பது அடுத்தது. அதுவும் அண்ணாச்சி சொன்னதுதான். "நல்லதுதான, அடுப்பு மிச்சம்" என்றாள் டீக்கடைக்காரி. மேகம் அம்புட்டுக் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்துப் பயந்துபோய் கோவில்பட்டிப் பக்கம் திரும்பிவிடும். மிஞ்சின கரண்டை ராத்திரி மண்ணுக்குள் விடுவார்கள், வெறுங்காலோடு நடந்தால் பல் கூசும். அங்கன மின்னினால் இங்கன ஆபீஸ் வெடிக்கும். நிச்சயம் பண்ணின பெண் அந்தப் பக்கம் போனால் கல்யாணத்துக்குள் கறுத்துவிடுவாள். பிறக்கிற பிள்ளைக்கு முடி முளைக்காது. கொக்கு, கண்மாய் என்று நினைத்து இறங்கிக் கால் வெந்து போகும். இத்தோடு எட்டு.

ஒன்பதாவது ஒன்று உண்டு. பேனல் வந்தால் நம் கண்மாய் நிறையாது என்கிறார்கள். வடக்கு ஓடை அவர்கள் வாங்கின இடத்துக்கு நடுவேதான் வருகிறது.

கண்மாய்ப் பாசனத்தில் நமக்கு இருக்கிற ஒன்றரை ஏக்கர் நெல்தான் என்னை மூன்று வருஷமாக வீட்டில் வைத்திருக்கிறது. ஆபீஸ் போர்மேன் இப்பவும் வருகிறார். "உங்க கைப் பக்குவம் யாருக்கு வருது, கலவைக்கு வாங்கண்ணே" என்கிறார். கண்மாயில் தண்ணீர் இருக்கிறவரைக்கும் அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டேன் என்று உன் மதினி தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்,
பெத்தணன்


கோயம்புத்தூர்
10.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைத் துறையில் வாசித்துக் காட்டினேன். நான் அதிகம் சிரிக்கிறவள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவிச்ச முட்டையைக் கேட்டு, வேதியியல் துறையிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள்.

ஒன்பதுக்கும் பதில் எழுதிவிட்டேன். பேனல், தன் மேல் விழுகிற வெயிலைத்தான் எடுக்கும். பக்கத்து வயல் வெயிலை இழுக்காது. மேகத்துக்குக் கண் கிடையாது. மண்ணுக்குள் மின்சாரத்தைச் சேமிக்கிற வித்தை எனக்குத் தெரிந்தால் நான் கல்லூரியில் இருக்க மாட்டேன். கடைசிக்கும் அப்படித்தான். பேனல் தண்ணீர் குடிக்காது, மழையைத் தடுக்காது. மழை பெய்தால் கண்மாய் நிறையும்.

சங்கிலிமுத்து அண்ணாச்சியின் பெயரைப் போடவில்லை. 'ஒரு கிராமத்தில் ஒரு பெரியவர்' என்றுதான் போட்டிருக்கிறேன்.

மதினிக்கு மூட்டு வலி தேவலையா?

கற்பகவல்லி


மேலக்கரிசல்
02.04.2024

அன்புத் தங்கைக்கு,

சுகம். மதினிக்கு மூட்டு வலி அப்படியே. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. புண்ணாக்கு வெயில் என்று யாரும் சொல்ல முடியாது.

சித்திரைப் பொங்கலுக்கு வா. நீ வந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஒன்பதாவதை நேரில்தான் காட்ட முடியும் போலிருக்கிறது. காகிதத்தில் வரைந்து பார்த்தேன். என் கைக்கு ஓடை பாம்பு மாதிரி வருகிறது. அதைப் பார்த்தால் நீ இன்னும் சிரிப்பாய்.

இரண்டு நாள் இருந்தால் போதும். காலையில் வெயில் ஏறுமுன் நடந்துவிட்டு வந்துவிடலாம்.

அண்ணன்


கோயம்புத்தூர்
20.05.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது விடைத்தாள் திருத்தும் முகாம். இருபத்திரண்டு நாள் தொடர்ந்து உட்கார்ந்ததில் முதுகு போய்விட்டது. பொங்கலுக்கு வர முடியவில்லை. மன்னிக்கவும். மற்றபடி சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் எழுதுங்கள்.

புத்தகம் சிவகாசியிலேயே அச்சாகிறது. காலண்டர் சீசன் தொடங்குவதற்குள் முடித்துக் கொடுப்பதாக அச்சகத்தில் சொன்னார்களாம். 'சூரியத் தகடு: ஒன்பது பயங்கள், ஒன்பது பதில்கள்.' ஐயாயிரம் பிரதி. மேகம் கண்ணாடியில் முகம் பார்ப்பதுதான் அட்டைப்படம். வயதானவர்களும் படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குப் பத்துப் பிரதி வரும்.

உங்களால்தான் இது நடந்தது என்று முன்னுரையில் எழுதியிருக்கிறேன். 'என் அண்ணனுக்கு நன்றி' என்று.

கற்பகவல்லி


மேலக்கரிசல்
28.07.2024

அன்புத் தங்கை கற்பகத்துக்கு,

நாங்கள் சுகம். உன் முதுகுக்கு ஒத்தடம் கொடு. புத்தகம் வந்தது. நன்றாக இருக்கிறது. எழுத்து பெரிதாக இருக்கிறது.

நம் ஊருக்கு வந்தது பத்து இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்காரர்கள் சாவடியில் கூட்டம் போட்டு வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். டீயும் வடையும் உண்டு. அதற்கு முந்தின மாதமே வேலி போட்டு, பொக்லைன் விட்டு இருநூறு ஏக்கரையும் ஒரே மட்டமாக நிரவிவிட்டார்கள். பேனல் நிற்க மட்டமான தரை வேண்டுமாம்.

சங்கிலிமுத்து அண்ணாச்சி எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பேசினார். "அய்யா, வடக்கு ஓடைய மூடிப்புட்டீக. வேலிக்குள்ள எங்கன கெடந்துச்சுன்னு தேடுனாலும் தெரியல. மழ பேஞ்சா கண்மாய்க்குத் தண்ணி எந்த வழியா வரும்?"

மேனேஜர் கோபப்படவில்லை. புத்தகத்தைப் புரட்டினார். "பெரியவரே, இது ஒன்பதாவது பயம். பதினாலாம் பக்கம்" என்று சொல்லி எல்லோருக்கும் கேட்க வாசித்தார். "பேனல் தண்ணீர் குடிக்காது. மழை பெய்தால் கண்மாய் நிறையும்."

கூட்டம் சிரித்தது. "நான் குடிக்கும்னு சொல்லலய்யா" என்றார் அண்ணாச்சி. அது யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. "அவிச்ச முட்ட சொன்ன ஆளுதான இவுக" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததும் சிரிப்பு இரட்டிப்பானது. "இத எழுதுனது வெளியாள் இல்ல. உங்க ஊர்ப் பொண்ணு, பேராசிரியர்" என்றார் மேனேஜர். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது.

மறுநாள் திங்கட்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் ஓடை விஷயமாக மனு கொடுப்பதாக இருந்தது. பதினெட்டுப் பேர் வருகிறேன் என்றிருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நானும் அண்ணாச்சியும்தான். "அங்கனயும் புஸ்தகத்த விரிச்சாங்கன்னா என்ன செய்ய பெத்தணா? ஒரு தடவ சிரிச்சது போதும்" என்றார். பஸ் வந்தது, நின்றது, போனது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


கோயம்புத்தூர்
05.08.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கடிதம் எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் எழுதியதில் பிழை இல்லை. பேனல் தண்ணீர் குடிக்காது. மழையைத் தடுக்காது. இதை யார் கேட்டாலும் சொல்வேன். ஓடையை நிரவுவது பேனலின் குணம் இல்லை, கம்பெனியின் காரியம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நான் என்ன செய்ய முடியும்? அவிச்ச முட்டைக்குப் பக்கத்தில் ஓடையை வைத்தால் அதையும் அப்படித்தான் வாசிப்பார்கள். ஓடை மூடப்படும் என்று நீங்கள் முதலிலேயே தெளிவாக எழுதியிருக்கலாம்.

ஹர்ஷினியிடம் பேசுகிறேன். கால்வாய் எதுவும் வெட்டிக் கொடுக்கிறார்களா என்று கேட்கிறேன். அதுவரை மனு கொடுக்காமல் இருக்க வேண்டாம். நீங்கள் தனியாகப் போனாலும் வாங்கிக்கொள்வார்கள்.

மதினிக்கு மாத்திரை அனுப்பியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு.

கற்பகவல்லி


கோயம்புத்தூர்
22.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆகஸ்டில் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தவறியதா? மாத்திரை வந்து சேர்ந்ததா? உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

ஹர்ஷினி விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. இரண்டு வரி எழுதுங்கள். போதும்.

கற்பகவல்லி


மேலக்கரிசல்
24.11.2024

கற்பகத்துக்கு மதினி தங்கத்தாய் எழுதுறது.

நல்லா இருக்கியா தாயி? உங்கண்ணன் எழுதுவாக எழுதுவாகன்னு பாத்தேன். எழுதல. அதான் நானே எழுதுறேன். எட்டாங்கிளாஸ் எழுத்து, பொறுத்துக்க. மாத்திரை அப்பவே வந்துருச்சு. இப்ப எந்திரிச்சு நடக்கேன்.

மழை பத்தி நீயும் டிவியில பாத்துருப்ப. மூணு நாள் விடாமப் பேஞ்சுச்சு. இம்புட்டு மழை பாத்து வருசம் பல ஆச்சு. ஊரே குடையப் பிடிச்சுக்கிட்டுக் கண்மாய்க் கரையில போயி நின்னோம். மேல மழை கொட்டுது, கண்மாய்க்குள்ள முழங்காலு தண்ணி இல்ல. தண்ணி பூரா கம்பெனி வேலி ஓரமா திரும்பி, தார் ரோட்ட அத்துக்கிட்டு, சங்கிலிமுத்து அண்ணாச்சி ஆட்டுத் தொழுவுக்குள்ள புகுந்து வைப்பாத்துக்குப் போயிருச்சு. பதினோரு ஆடு செத்துப்போச்சு. அவுக அழல. கரையில நின்னு, "மேகம் பயப்படலத்தா. நேரா வந்துச்சு. நாமதான் வழிய விட்டுட்டோம்"ன்னாக. அப்ப யாரும் சிரிக்கல.

நாத்து நட்டது நட்டபடி காயுது. மழை வெறிச்சு ஆறு நாள்தான் ஆச்சு.

உங்கண்ணன் சுகமாத்தான் இருக்காக. காலையில போனா பொழுதடையத்தான் வாராக. பேச்சுக் குறைஞ்சுபோச்சு. நான் எழுதுனேன்னு சொல்லிக்கிடாத. குளிர்ல தலைக்கு ஊத்தாத.

மதினி,
தங்கத்தாய்


கோயம்புத்தூர்
08.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் ஊர்ப் பக்கத்து மழையைப் பற்றிச் செய்தியில் கேட்டேன். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

நீங்கள் பிப்ரவரியில் எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் தெளிவாக எழுதவில்லை என்று சொன்னேன் அல்லவா. எழுதியிருக்கிறீர்கள். 'வடக்கு ஓடை அவர்கள் வாங்கின இடத்துக்கு நடுவேதான் வருகிறது.' அந்த வரிக்கு ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் அடித்து, 'நீர்ச்சுழற்சி, அரைப் பக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்துதான். ஒன்பதாம் கேள்விக்கு வந்தபோது எனக்குப் பதில் தயாராக இருந்திருக்கிறது. கேள்வியை நான் படிக்கவில்லை. ஒரு மாணவி இப்படிச் செய்திருந்தால் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

பதினாலாம் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி ஹர்ஷினிக்கு எழுதினேன். பதில் வந்தது. 'மேடம், எல்லா ஊரிலும் எங்களுக்கு அதிகம் உதவுவது அந்தப் பக்கம்தான். அடுத்த ஜில்லாவுக்கு இருபதாயிரம் பிரதி அச்சாகிவிட்டது.' என் பெயரை இப்போது அட்டைக்குக் கொண்டுவந்திருக்கிறார்களாம். வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள்.

ஓடையைத் திருப்பித் தோண்டக் கேட்டு நானே ஒரு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஊரில் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். நான் எடுத்துப் போகிறேன்.

நெல் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அதை மட்டுமாவது எழுதுங்கள்.

கற்பகவல்லி


மேலக்கரிசல்
09.01.2025

அன்புத் தங்கை கற்பகத்துக்கு,

அண்ணன் பெத்தணன். எழுதி ரொம்ப நாள் ஆகிவிட்டது. கோபம் ஒன்றும் இல்லை. நாங்கள் சுகம். நீ பொங்கலைத் தனியாக வைத்தாலும் பால் பொங்கும்வரை அடுப்பை விட்டு நகராதே.

உன் மனுவை வீடு வீடாகக் கொண்டுபோனேன். யாரும் கையெழுத்துப் போடவில்லை. பேனல் மேல் இப்போது ஊரில் ஒருவருக்கும் பயம் இல்லை. கோழி பச்சை முட்டைதான் போடுகிறது. போன தையில் நிச்சயமான பெண் வெளுப்பு மாறாமல் கல்யாணம் முடித்துப் போய்விட்டாள். கொக்குகள் மட்டும் பேனல் மேல் இறங்கி, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போகின்றன. கண்மாயில் அவற்றுக்கு வேலை இல்லை.

ஆனால் உன் கணக்குக்குப் பத்தாவது ஒன்று முளைத்திருக்கிறது. சங்கிலிமுத்து அண்ணாச்சி மனுவைக் கையால் தொடக்கூட இல்லை. "கோயமுத்தூர்லருந்து காகிதம் வந்தா கண்மாய் வத்திரும் பெத்தணா. அத அங்கனயே வச்சிரு" என்கிறார். ஊர் முழுக்க இதைத்தான் நம்புகிறது. இதற்கு என்ன பதில் சொல்வது என்று நீதான் யோசிக்க வேண்டும்.

நெல்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை விட்டுத் தள்ளு. நெல் இல்லாமலா சாப்பிடுகிறோம்?

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்,
பெத்தணன்

பின்குறிப்பு: காகித ஓரத்தில் வெள்ளியாக ஏதாவது ஒட்டியிருந்தால் வேறு ஒன்றும் நினைக்காதே. பொங்கலுக்கு ஜன்னல் கம்பிக்கு சில்வர் பெயின்ட் அடித்தேன். அதுதான்.


கோயம்புத்தூர்
15.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் பின்குறிப்பை நம்பத்தான் பார்த்தேன். இரண்டு நாள் முயன்றேன்.

நம் வீட்டு ஜன்னல்களில் கம்பி கிடையாது. அய்யா வைத்த வேப்பமரச் சட்டம்தான். நீங்கள் எனக்கு எழுதியவற்றில் பொய் இது ஒன்றுதான். அதை மறுக்க ஒரு பதிலும் தேவைப்படாதபடி எழுதியிருக்கிறீர்கள்.

பாலைப் பொங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். விரலை இன்னும் கழுவவில்லை.

ஆபீசில் உங்களை எந்த அறையில் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

கற்பகம்